அலுமாரி மேலிருக்கும் கைவானொலி

பழுதுபட்ட பொருளைத் திருத்துவிப்பதோ, எறிந்துவிட்டுப் புதியது வாங்குவதோ என்னும் கேள்வி இந்நாளில் வீடுகளிற் பெரும்பாலும் ஒரு கணத்தில் தீர்ந்துவிடுகிறது. புதியது மலிவு; திருத்துநர் அரியர். ஆயினும் இந்தக் கணக்குக்கு உட்படாத பொருள்கள் சில உண்டு. யாழ்ப்பாணத்து இல்லங்கள் பலவற்றில், அலுமாரியின் மேற்றட்டிலே பழந்துணியிற் சுற்றிக் கிடக்கும் கைவானொலி அவற்றுள் ஒன்று. அதனை எறியவும் மனம் வருவதில்லை. திருத்தவும் ஒருவரும் முயல்வதில்லை.

எறிய மனம் வராமைக்குரிய காரணத்தை இன்றைய மாணவர்கள் அறிதல் நன்று. 1990இற் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பின்வந்த ஆண்டுகளில் வீடுகளில் எரிந்தவை ஜாம் போத்தல் விளக்குகளே. மின்கலமும் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் அடங்கியது. தீர்ந்த கலங்களை வெயிலிற் காயவைத்து மீண்டும் ஒரு நாள் வேலை வாங்கிப் பார்த்தார்கள்; அதுவும் முடிந்தபோது சைக்கிளை நாடினார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதியைக் கையாற் சுழற்றினால், சக்கரத்தோடு உராயும் டைனமோ ஏறத்தாழ 6 வோல்ற் தரும். நான்கு மின்கலங்கள் தருவதும் அவ்வளவே. ஆனால் டைனமோ தருவது ஆடலோட்டம். வானொலி வேண்டுவது நேரோட்டம். ஆகவே இடையில் இருவாயிகளை இணைத்து ஓட்டத்தைச் சீராக்கி, ஒரு கொள்ளளவியால் அதன் நடுக்கத்தைத் தணித்தனர். பௌதிகவியலைப் பள்ளியிற் கல்லாதவரும் இதனைச் செய்தனர் என்பதே வியப்பு. இரவிற் பி.பி.சி. தமிழோசைக்கு அயலார் வந்து கூடுவர். ஒரு சிறுவன் மிதியைச் சுழற்றுவான். அவன் கை சோர்ந்தாற் செய்தியும் சோரும். அவன் உற்சாகத்தில் அளவுக்கு மீறிச் சுழற்றினால் உள்ளே ஏதேனும் கருகும். அவ்வாறு சுழற்றிய சிறுவருள் இதனை எழுதுபவனும் ஒருவன்.

நாம் சுழற்றியது பெரியம்மாவின் வானொலிக்காக. 1960களிற் பெரியப்பா வாங்கிய பெட்டி அது. 1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் பிறந்த திரான்சிற்றர், 1954இலேயே சட்டைப்பையில் அடங்கும் வானொலியாகக் கடைக்கு வந்துவிட்டது. அதற்கு முன்னிருந்த வால்வு றேடியோ மேசையை விட்டு அசையாத பெரிய மனிதர். கைவானொலியோ அடுப்படிக்கும் தோட்டத்துக்கும் கூடவே வந்தது. எண்பதைக் கடந்த பெரியம்மா, பத்து ஆண்டுகளுக்கு மேலாக ஊமையாய்க் கிடந்த அப்பெட்டியை அண்மையில் என்னிடம் நீட்டி, “தம்பி, உதை ஒருக்கால் ஆரிட்டையாவது காட்டிப் பாரன்” என்றார்.

இப்போது சந்திக்குச் சந்தி இருப்பவை கைப்பேசி திருத்தும் கடைகள். பல இடங்களில் விசாரித்தபின் ஒரு முதியவரின் சிறு கடை அகப்பட்டது. அவர் மின்மானியைக் கையில் எடுக்கவில்லை. பின்மூடியைக் கழற்றிப் புதிய கலங்களை இட்டு, ஒலியைக் கூட்டும் குமிழின் நடுமுனையைத் திருப்புளியால் மெல்லத் தொட்டார். ஒலிபெருக்கியிலிருந்து ‘உர்ர்’ என்றோர் ஓசை எழுந்தது. “மாஸ்டர், வாய் பிழையில்லை. காதுதான் அடைச்சுப் போச்சு” என்றார். ஒரே தொடுகையிற் பெட்டியை இரண்டாகப் பகுத்துவிட்டார்! அலையைப் பற்றும் முற்பாதி வேறு, ஒலியைப் பெருக்கும் பிற்பாதி வேறு. பழுது முற்பாதியில் என்பது உறுதியாயிற்று. பாடநூலிற் பல பக்கங்களில் நாம் விளக்கும் செய்தி இது.

பின்பு அவர் ஏ.எவ். 117 என்னும் ஜேர்மானியத் திரான்சிற்றர்களைச் சுட்டிக் காட்டினார். இவ்வினத்துக்கு ஒரு விசித்திர நோய் உண்டு. அவற்றின் உலோகக் கூட்டினுள்ளே உள்ள வெள்ளீயப் பூச்சிலிருந்து, தலைமயிரினும் மெல்லிய இழைகள் ஆண்டுக்கணக்கில் தாமாகவே வளர்கின்றன. ஓரிழை உள்ளிருக்கும் கம்பியைத் தொட்டதும் குறுஞ்சுற்று ஏற்பட்டுப் பெட்டி ஊமையாகும். (செயற்கைக்கோள்களையும் இவ்விழைகள் செயலிழக்கச் செய்ததுண்டு.) மாற்றிடத் திரான்சிற்றர் கிடைப்பது அரிது. எனினும் கூட்டோடு இணைந்த நான்காவது காலை வெட்டிவிட்டாற் பெரும்பாலும் உயிர் மீளும். அவரும் வெட்டினார், பெட்டி இரைந்தது. உலர்ந்துபோன இரு கொள்ளளவிகளைப் பற்றாசு வைத்து மாற்றினார். கலம் கசிந்து துருவேறிய வில்லைச் சுரண்டித் துலக்கினார். கூலி 1,500 ரூபா.

வீட்டிற் பெட்டியைத் திறக்க விரும்பும் மாணவர்க்கு அவர் சொன்னவற்றுட் சில பயன்படும். வானொலி வள்ளத்து இயந்திரம்போல ‘டுப், டுப்’ என்றால் முதலிற் கலத்தையும், அடுத்துக் கொள்ளளவியையும் சந்தேகிக்க வேண்டும். குமிழைத் திருகும்போது கரகரத்தால் அது தூசியே. தேங்காயெண்ணெய் விடுதல் ஆகாது. முள் அசையாவிடின் உள்ளிருக்கும் நூல் நழுவியிருக்கும். பின்னிய தூண்டில் நூலால் அதனை மாற்றலாம். எல்லாவற்றினும் முக்கியமாக, மஞ்சள், வெள்ளை, கறுப்பு வர்ணம் பூசிய சிறு திருகுகளைத் தொடவே கூடாது. அவை தளர்ந்த ஆணிகள் அல்ல. 455 கிலோஹேட்சுக்கு இசைவாக்கப்பட்டவை. திருப்புளி அகப்பட்ட சிறுவர்கள் முதலில் இறுக்குவது அவற்றைத்தான் என்று அம்முதியவர் நொந்துகொண்டார்.

ஆனால் வேலை தொடங்குமுன்னரே அவர் கேட்ட கேள்வி ஒன்றுண்டு. “இது எவ்.எம். எடுக்காது. திருத்தி என்னத்தைக் கேக்கப் போறியள்?” பணத்தை முதலில் எண்ணிக்கொள்ளும் வியாபாரி இவ்வாறு கேளான். மத்திய அலையும் சிற்றலையுமே அப்பெட்டிக்குத் தெரிந்தவை. உள்ளூர் நிலையங்கள் பெரும்பாலும் பண்பலைக்குப் போய்விட்டன. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்பிரலில் நின்றுவிட்டது. போதாக்குறைக்கு வீடெங்கும் உள்ள எல்.ஈ.டி. விளக்குகளும் கைப்பேசி மின்னேற்றிகளும் சிற்றலையெங்கும் இரைச்சலை நிரப்புகின்றன. வெறும் பாட்டும் செய்தியும் போதுமென்பவர் புதிய பண்பலைப் பெட்டி ஒன்றை வாங்குவதே சிக்கனம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

அன்றிரவு மின்னேற்றிகளைக் கழற்றி, விளக்குகளை அணைத்துப் பெட்டியைப் பெரியம்மாவின் கட்டிலருகே வைத்தோம். உள்ளிருக்கும் பெரைற்றுக் கோல் ஒரு திசையிற் கூர்மையாகவும் மறுதிசையில் மந்தமாகவும் கேட்கும் இயல்புடையது. ஆதலாற் பெட்டியைச் சிறிது சிறிதாகத் திருப்பிக்கொண்டிருந்தேன். இரைச்சலுக்கு நடுவே, கடலுக்கு அப்பாலிருந்து ஒரு குரல் உழவர்களுக்கு நெற்பயிர் நோய்பற்றித் தமிழில் விளக்கிக்கொண்டிருந்தது. பெரியம்மா சற்று நேரம் கேட்டிருந்தார்.

“தமிழோசை வராதோ, தம்பி?”

“அது நிண்டு கனகாலம், பெரியம்மா.”

அவருடைய பெட்டி அதற்கு முன்பே வாய்மூடிவிட்டதனால் அச்செய்தி அவரை எட்டியிருக்கவில்லை. ஒன்றும் பேசாமற் கையை நீட்டிக் குமிழைத் தேடிப் பிடித்தார். “சரி, உவர் என்ன சொல்லுறார் எண்டு கேப்பம்” என்று ஒலியைச் சற்றுக் கூட்டினார்.