பால் பரிசுத்தமாம்! பார்த்தது யார்?

நம் நாட்டில் பாலுக்குள்ள மரியாதை வேறெந்த ஆகாரத்துக்கும் இல்லை. பிறந்த குழந்தைக்கும் பால், நோயாளிக்கும் பால், சாகப் போகின்றவன் வாயிலும் பால், கல்லின் தலையிலும் குடங்குடமாய்ப் பால். ஆனால் அந்தப் பாலுக்குள் என்ன இருக்கின்றது என்று சோதித்தீர்களா என்று கேட்டால் மாத்திரம், கேட்டவனைப் பாவி என்கின்றார்கள்.

கேட்கக் காரணம் இருக்கின்றது. மாட்டுக்கு மடிநோய் வந்தால் பெனிசிலின், டெட்ராசைக்கிளின் முதலிய ஆன்டிபயாடிக் மருந்துகளைக் கொடுக்கின்றார்கள். அது தப்பல்ல. ஆனால் அம்மருந்தில் ஒரு பாகம் பாலில் இறங்குகின்றது. ஆதலால்தான் கடைசி மருந்துக்குப் பின் குறிப்பிட்ட நாள் வரை அந்தப் பாலை விற்கக் கூடாதென்று விதி இருக்கின்றது. ஒற்றை மாட்டை வைத்துப் பிழைக்கும் ஏழை அத்தனை நாள் பாலையும் கீழே கொட்டிவிட்டு எதைத் தின்பான்? இதற்கு வழி சொல்லாத விதியால் யாருக்கு என்ன பயன்?

2018-ம் வருஷத்தில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தேசமெங்கும் 6432 பால் மாதிரிகளைச் சோதித்ததில், 77 மாதிரிகளில் அனுமதித்த அளவுக்கு மேல் ஆன்டிபயாடிக் இருந்தது. நூற்றுக்கு ஒன்றுதானே என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். அந்த ஒரு செம்புப் பால் எந்த வீட்டுக் குழந்தைக்குப் போயிற்று என்பதையும் அவர்களே சொல்லட்டும்! பெனிசிலினைக் கண்டுபிடித்த பிளெமிங்கே, அரைகுறை அளவில் மருந்து பட்டால் கிருமிகள் அதைத் தாங்கப் பழகிவிடும் என்று 1945-ல் எச்சரித்தார். பழகின கிருமியிடம் பிறகு எந்த ஊசியைக் காட்டுவது?

காய்ச்சினால் எல்லாம் போய்விடும் என்பது அடுத்த நம்பிக்கை. காய்ச்சினால் கிருமி சாகும். மருந்து முழுவதும் போய்விடாது. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. பால்மானியை விட்டாலும் தெரியாது. ஆகவே சோதனை ஒன்றே வழி.

அச்சோதனைகளில் ஒரு வகைக்கு ஆன்டிபாடி என்னும் எதிர்ப்புப் பொருள் வேண்டும். மருந்தை ஒரு பெரிய புரதத்தோடு சேர்த்து முயல் போன்ற பிராணிக்கு ஊசி போட்டு, அதன் இரத்தத்திலிருந்து எடுப்பது பழைய முறை. அதைக் குளிரில் காப்பாற்ற வேண்டும், விலையும் ஜாஸ்தி. இதற்குப் பதிலாக மனிதன் தன் கையாலேயே ஒன்றைச் செய்திருக்கின்றான்.

சுவாமிமலையில் ஸ்தபதி மெழுகால் உருச் செய்து, மண் பூசி, சூடு காட்டி மெழுகை வெளியேற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே அந்த உருவின் பள்ளம் நிற்கும். இங்கே மெழுகுக்குப் பதில் மருந்தின் மூலக்கூறு. மண்ணுக்குப் பதில் அதைச் சுற்றி இறுகிப் பிணையும் பாலிமர். இறுகினபின் மருந்தைக் கழுவி எடுத்துவிட்டால், அதே மருந்து மறுபடி வந்தால் பிடித்துக்கொள்ளும் பள்ளங்கள் மிஞ்சுகின்றன. ஸ்தபதி அப்பள்ளத்தில் சாமியை வார்க்கின்றார். விஞ்ஞானியோ பள்ளத்தைக் காலியாகவே விட்டு வைக்கின்றார். அந்தக் காலிப் பள்ளந்தான் உபயோகம்! 1993-ல் சுவீடனில் மோஸ்பாக் கூட்டத்தார் இப்படிச் செய்த பாலிமரைக் கொண்டு இரத்தத்திலுள்ள இரண்டு மருந்துகளை, ஆன்டிபாடிச் சோதனைக்கு ஈடாக அளந்து காட்டினார்கள். பிற்பாடு குளோராம்பெனிகால் போன்ற ஆன்டிபயாடிக்குகளுக்கும் செய்தார்கள். இது சூட்டைத் தாங்கும், பிராணியும் வேண்டியதில்லை.

இதன் பூர்வோத்திரமும் கவனிக்கத் தக்கது. உடம்பு ஆன்டிபாடியைச் செய்வது இப்படி அச்சு வைத்துத்தான் என்று பாலிங் என்ற பெரிய விஞ்ஞானி 1940-ல் சொன்னார். அது தப்பென்று பின்னால் ருசுவாயிற்று. ஆனால் அந்த எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு டிக்கி என்பவர் 1949-ல் சிலிகாவில் சாயத்துக்குப் பள்ளம் செய்து பார்த்தார். தப்பை ஒப்புக்கொண்டதால் விஞ்ஞானம் கெட்டுப்போகவில்லை. தப்பைத் தப்பென்று சொல்லக் கூடாது என்னும் சாஸ்திரம் ஏதாவது இதுவரை ஒரு செம்புப் பாலைச் சோதித்திருக்கின்றதா?

அதற்காக இந்தப் பாலிமரைப் புதுச் சாமியாக்கும்படி நாம் சொல்லவரவில்லை. இதிலும் குறையுண்டு. கழுவினபின்னும் உள்ளே தங்கின மருந்து கசிந்து பொய்க்கணக்குக் காட்டும். ஒரே ஜாடையுள்ள வேறு மருந்தைப் பிடித்துக்கொள்ளும். பாலின் கொழுப்பும் புரதமும் குறுக்கே நிற்கும். ஆகவே இதையும் சோதித்துத்தான் ஏற்க வேண்டும்.

நாம் கேட்பது ஒன்றுதான். 2002-ல் சீனத்து இறாலில் குளோராம்பெனிகால் இருக்கக் கண்டு ஐரோப்பியர் வாசலை அடைத்தார்கள். நம் கடற்கரை இறாலும் இன்று ஐரோப்பாவுக்குக் கப்பலேறுமுன் ஆன்டிபயாடிக் சோதனைக்கு உட்படுகின்றது. வெள்ளைக்காரன் தட்டுக்குப் போவதற்குச் சோதனை. நம் குழந்தை குடிப்பதற்கு நம்பிக்கையா? பாலில் கொழுப்பைப் பார்த்து விலை போடும் சங்கங்கள் மருந்தையும் பார்க்கட்டும். மருந்து கண்டால் மாட்டுக்காரனைத் தண்டிப்பதை விட்டு, அத்தனை நாள் பாலுக்கு ஈடு கொடுக்கட்டும். அப்போது அவன் ஏன் ஒளிக்கப் போகின்றான்?

தோழர்களே! பாலைக் கும்பிட்டது போதும், சோதித்துக் குடியுங்கள்.