புட்டியில் அடைத்த எதிர்ப்புச் சக்தி

2020இல் கொரோனா பரவத் தொடங்கிய நாள் முதல் 'நோய் எதிர்ப்புச் சக்தி' என்னும் தொடருக்கு வந்த வாழ்வைச் சொல்லி மாளாது. கஷாயப் பொட்டலத்திலிருந்து பிஸ்கட் உறை வரை அது ஒட்டப்பட்டது. தயிர்ப்புட்டியும் புரோபயாடிக் பானமும் மட்டும் தப்புமா? விற்பவர்களோடு நமக்குப் பெரிய வழக்கில்லை. கூவி விற்பது அவர்கள் தொழில். நம் வழக்கு, அந்தக் கூவலை அப்படியே எடுத்து 'அறிவியல் கட்டுரை' என்று தமிழில் எழுதிவைக்கும் அன்பர்களோடுதான். தமிழுக்கு அறிவியல் வரவேண்டும் என்று மேடைதோறும் முழங்கிவிட்டு, வந்த அறிவியலை இப்படியா வரவேற்பது?

முதற்கோளாறு சொல்லிலேயே இருக்கிறது. சக்தி என்றவுடன் நம் மனம் அதைப் பானையில் நிரம்பும் நீரைப்போல ஓர் அளவாகக் கொண்டுவிடுகிறது: குறைந்தால் தீது, கூடினால் நன்று. உடலின் தடுப்பமைப்பு அப்படிப்பட்டதன்று. அது வேண்டாத இடத்தில் கூடியதன் பெயர்தான் ஒவ்வாமை. தன் மூட்டையே பகையென்று தாக்குவதன் பெயர் முடக்குவாதம். குடலின் நிலைமையை எண்ணிப் பாருங்கள். உண்ணும் சோறும் அயல்பொருள், அங்கே குடியிருக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்களும் அயலார். அயலாரைக் கண்டபோதெல்லாம் வாளை உருவினால் குடல் புண்ணாகிப்போகும். ஆகவே குடற்சுவரின் தடுப்பணுக்கள் கற்கும் பாடத்தில் பெரும்பகுதி போர் அன்று, பொறுமை. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இதை 'நிர்ப்பீடனம்' என்கின்றன. பீடை இன்மை. மூலமான இலத்தீன் சொல்லும் வரியிலிருந்தும் சுமையிலிருந்தும் விலக்குப் பெற்றவனையே குறித்தது. காதுக்குச் சற்றுக் கரடுமுரடாக இருந்தாலும், 'சக்தி'யைவிட அது எவ்வளவோ நேர்மையான சொல்.

இந்தக் கட்டுரைகளில் தவறாமல் எலீ மெச்னிக்காஃப் வருவார். 1908இல் நோபல் பரிசு பெற்றவர், தயிரின் பெருமையை உரைத்தவர், ஆகவே தயிர் எதிர்ப்புச் சக்தி தரும் என்பது வாதம். பரிசு கிடைத்தது, கிருமியை விழுங்கும் அணுக்களைப் பற்றிய ஆய்வுக்கு. புளித்த பாலைப் பற்றி 1907இல் வெளிவந்த நூலில் அவர் சொன்னது வேறு: பெருங்குடலில் நடக்கும் அழுகலால் பிறக்கும் நஞ்சே முதுமைக்குக் காரணம், லாக்டிக் அமிலம் அந்த அழுகலைத் தடுக்கும் என்பது. அவர் பரிந்துரைத்த பல்கேரியப் பாக்டீரியா மனிதக் குடலில் குடியேறுவதில்லை என்பதும் 1920களிலேயே தெரிந்துவிட்டது. ஒரே மனிதரின் இரண்டு வேலைகளை ஒட்டவைத்து மூன்றாவதொன்றை நிறுவும் தருக்கம் எந்தப் பள்ளியில் கற்பிக்கப்படுகிறதோ!

இனி, அந்த நுண்ணுயிரின் பக்கம் வருவோம். நம் கட்டுரையாளர்கள் அடியோடு விட்டுவிடும் பகுதி இது. லாக்டிக் அமிலப் பாக்டீரியா புட்டியில் உறங்கும் மாத்திரைத்தூள் அன்று. நெருக்கடிக்கு மறுமொழி சொல்லும் உயிர். தொழிற்சாலையில் அதை உறையவைத்து உலர்த்துகிறார்கள். அப்போது நீரை இழந்து அதன் சவ்வு கிழியும் நிலைக்கு வருகிறது. பிறகு வயிற்றின் கடும் அமிலம். உள்ளே புகும் புரோட்டான்களை வெளியே இறைக்கத் தன் ஆற்றலைச் செலவழித்து ஒரு பம்பை ஓட்டுகிறது. குலைந்துபோகும் புரதங்களை மடித்து நிமிர்த்தச் சாப்பரோன் என்னும் துணைப்புரதங்களைப் பெருக்குகிறது. அடுத்துப் பித்த உப்பு. அதை உடைக்கச் சிலவற்றிடம் தனி நொதி உண்டு. மிதமான அமிலத்தில் முன்பே பழக்கப்பட்டது கடுமையான அமிலத்தில் மேலும் நன்றாகப் பிழைக்கிறது என்பது ஆய்வுக்கூடங்களில் பலமுறை கண்ட உண்மை.

பிழைத்து வருவது பழைய அணுவேதானா என்பதுதான் கேள்வி. குரோஇஎல் என்னும் சாப்பரோன் அணுவுக்குள் வேலைசெய்யும் புரதம். லாக்டோபேசில்லஸ் ஜான்சோனியை என்னும் பாக்டீரியாவில் அது மேற்பரப்பிலும் அமர்ந்திருப்பதையும், நம் அணுக்களைத் தூண்டி அழற்சிச் சமிக்ஞை ஒன்றைச் சுரக்கவைப்பதையும் 2006இல் கண்டார்கள். இன்னும் தெளிவான சான்று 2009இல் நெதர்லாந்திலிருந்து வந்தது. நலமான மனிதர்களுக்கு லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரத்தை மூன்று நிலைகளில் கொடுத்தார்கள்: வேகமாகப் பெருகும் நிலை, பெருக்கம் நின்ற நிலை, சூட்டில் கொன்ற நிலை. பிறகு முன்சிறுகுடலில் மிகச்சிறிய துணுக்கை எடுத்து, எந்த மரபணுக்கள் விழித்திருக்கின்றன என்று பார்த்தார்கள். மூன்றுக்கும் மூன்று விதமான மறுமொழி. பெருக்கம் நின்ற நிலையில் கொடுத்ததற்குக் குடல் தந்தது, பொறுமையோடு ஒத்துப்போகும் மறுமொழி. பாக்டீரியா ஒன்றே, அது இருந்த நிலைதான் வேறு. புட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் 'நூறு கோடி', 'ஆயிரம் கோடி' என்ற எண் இதில் எதைச் சொல்கிறது? தலையெண்ணிக்கையை மட்டும் சொல்கிறது.

பெயரும் போதாது. ஓர் இனத்துக்குள்ளேயே தனித்தனிக் குடிவழிகள் உண்டு. ஆங்கிலத்தில் ஸ்ட்ரெயின் என்பார்கள். ஒடிசாவின் கிராமங்களில் 4,556 பச்சிளங்குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2017இல் நேச்சர் இதழில் வந்தது. பிளாண்டாரத்தின் குறிப்பிட்ட ஒரு குடிவழியை, அதற்கு உணவாகும் ஒரு சர்க்கரையோடு ஏழு நாள் கொடுத்தார்கள். குருதி நச்சேற்றமோ இறப்போ நேர்ந்தது, கொடுக்காதவர்களில் 9 விழுக்காடு, கொடுத்தவர்களில் 5.4. இது சிறிய செய்தியா? நம் நாட்டுச் சிற்றூர்களில் நடந்த இந்த அருஞ்செயலைப் பற்றித் தமிழில் எத்தனை கட்டுரை வந்தது? மறுபுறம், உலகிலேயே மிகுதியாக ஆராயப்பட்ட குடிவழிகளில் ஒன்றான ராம்னோசஸ் ஜிஜியை, வயிற்றுப்போக்குக் கண்ட 971 அமெரிக்கக் குழந்தைகளிடம் சோதித்தபோது வெற்றுத்தூளைவிட அது மேலாகப் பயன்படவில்லை, ஆண்டு 2018. நெதர்லாந்தில் கடும் கணைய அழற்சி கண்டவர்களுக்கு ஆறு குடிவழிகளின் கலவையைக் கொடுத்த ஆய்வு 2008இல் வெளியானது. பெற்றவர்கள் 152 பேரில் 24 பேர் இறந்தனர். பெறாத 144 பேரில் 9 பேர். 'நல்ல பாக்டீரியா, தீங்கே இல்லை' என்று எழுதுகிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் ஒருமுறை உரக்கப் படிக்கட்டும்.

வணிகர்களுக்கு இது தெரியாததன்று. சளி, ஃபுளு வரும் வாய்ப்பைக் குறைக்கும் என்று விளம்பரம் செய்த டேனன் நிறுவனம், 2010 டிசம்பரில் அமெரிக்காவின் 39 மாநிலங்களுக்கு 2.1 கோடி டாலர் கட்டி அந்த விளம்பரத்தைக் கைவிட ஒப்புக்கொண்டது. அங்கே கைவிடப்பட்ட வாசகம் இங்கே கட்டுரையாகிறது.

'நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர்' என்னும் படைப்பிரிவு ஒன்று உண்டு. அவர்கள் இட்லியையே புரோபயாடிக் ஆக்கிவிட்டார்கள். மாவைப் பொங்கவைக்கும் லூகோநாஸ்டாக் பாக்டீரியா இட்லிக்கொப்பரையின் ஆவியில் வெந்து மடிந்துவிடுகிறது என்ற எளிய செய்தி அவர்களை எட்டவில்லை. பழையசோற்றில் உயிருள்ளவை உண்டு, உண்மை. எந்தக் குடிவழி, எத்தனை, எந்த நிலையில் என்பது பானைக்குப் பானை மாறும். உயிரோடும், போதிய அளவிலும், நிறுவப்பட்ட நலனோடும் இருப்பதையே புரோபயாடிக் என்று அழைக்க வேண்டும் என 2001இலேயே உலக நல அமைப்பும் உணவு வேளாண் அமைப்பும் கூட்டிய வல்லுநர் குழு வரையறுத்தது. பழையசோறு அந்த வரையறைக்குள் வராததால் அதன் சுவை குன்றிவிடுமா? சின்ன வெங்காயத்தோடு அதை உண்டு வளர்ந்தவர்களுக்கு இந்தச் சான்றிதழ் எதற்கு?

'பொதுவாசகருக்கு இவ்வளவு நுணுக்கம் வேண்டுமா?' என்பார்கள். பிறந்து மூன்றே நாளான குழந்தைக்கு எதையாவது வாங்கிக் கொடுக்கலாமா என்று தேடும் ஒரு தாய் நம் கட்டுரையைத்தான் முதலில் படிக்கிறாள். ஒடிசாவில் பயன்பட்ட குடிவழியின் முழுப்பெயரும், எடை மிகக் குறையாத, ஏறக்குறைய நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கே அது கொடுக்கப்பட்டது என்பதும் அவளுக்குத் தெரியவேண்டும். கடையில் கிடைக்கும் பொட்டலம் அதுவன்று என்பதும், குறைமாதக் குழந்தையானால் மருத்துவரைக் கேட்காமல் ஒரு துளியும் கொடுக்கலாகாது என்பதும் தெரியவேண்டும். நான்கே வரி. 'எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்' என்று எழுதிய இடத்தில் அந்த நான்கு வரியை எழுத இடம் இருந்தது.