திறன் உயர்ந்தால் சம்பளமும் உயரட்டும்

தீபாவளிக்குச் சிராங்கூன் சாலை விளக்குகளை வியந்து பார்க்கிறோம். ஒயர் இழுப்பவரின் சம்பளத்தை யாரும் கேட்பதில்லை.

சிங்கப்பூரில் மின்பணிக்கு மூன்று நிலை உரிமங்கள் உண்டு. எரிசக்திச் சந்தை ஆணையம் வழங்கும் எலக்ட்ரீஷியன் உரிமம் 45 கேவிஏ வரையிலான மின் அமைப்புகளுக்கு உரியது. அதற்கு மேல் மின் தொழில்நுட்பர், மின் பொறியாளர். சான்றிதழும் அனுபவமும் கூடினால் பொறுப்பும் கூடும், வருமானமும் கூடும்.

தமிழகத்திலிருந்து வேலை அனுமதிச் சீட்டில் வந்து கட்டடங்களில் ஒயர் இழுக்கும் அண்ணன்மார்களின் நிலை வேறு. கட்டுமானத் துறையில் இவர்களுக்காக முதலாளி கட்டும் மாதத் தீர்வை, 2024 ஜனவரி முதல், அடிப்படைத் திறனாளிக்கு 900 வெள்ளி. உயர்திறனாளிக்கு 500 வெள்ளி. ஊழியர் அனுபவம் பெற்று, தேர்விலும் தேறினால் முதலாளிக்கு மாதம் 400 வெள்ளி மிச்சம். தேறியவருக்கு எவ்வளவு என்பது முதலாளியின் மனத்தைப் பொறுத்தது.

அந்த 400 வெள்ளியில் பாதியாவது ஊழியரின் சம்பளத்தில் சேர வேண்டும். பயிற்சிச் செலவு தங்களுடையது என்று முதலாளிகள் சொல்லலாம். செலவு ஒருமுறைதான், மிச்சமோ மாதந்தோறும்.

படித்தால் உயரலாம் என்று சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். அந்தச் சொல் அவர்களுக்கும் மெய்யாகட்டும்.