வசைச்சொல்லோ நம் மொழிக்கொடை?

மலாய் மொழி தமக்குத் தண்ணீர் பட்ட பாடென மார்தட்டும் தோழர்களே! கடையில் விலை கேட்கவும் அலுவலகத்தில் படிவம் நிரப்பவும் தெரிந்தாற் போதுமோ? 'மக்கான்' உண்ணுதல், 'ஆங்கின்' காற்று என்று அகராதியை உருப்போட்டவர், 'மக்கான் ஆங்கின்' என்பது உலாவப் போதலைக் குறிக்குமென்று எங்ஙனம் அறிவார்? அண்டை வீட்டு மலாய்க்காரர் ஒருவரை 'ரிங்ஙான் தூலாங்', அதாவது எலும்பு இலேசானவர், என்றால் அது மெலிவைப் பழித்ததன்று. சோம்பாது உழைப்பவர் என்ற புகழ்ச்சி. இவையெல்லாம் அவரோடு கூடியிருந்து பேசினாலன்றி வாரா.

வாங்குவோர் கொடுக்கவும் வேண்டாவோ? நம் 'கடை'தான் அவர் நாவில் 'கெடை'யாக வழங்குகின்றது. முன்னாளைய தமிழர் கொடுத்தது அது. இந்நாளில், தமிழ் கற்க விரும்பி வரும் மலாய் நண்பருக்கு நம் இளைஞர் பலர் முதலிற் கற்பிப்பது யாது? வசைச்சொல்! பொருளறியாது அவர் அதனைச் சொல்ல, கைகொட்டிச் சிரிக்கின்றனர். வெட்கம்! வெட்கம்! அவர் காற்றை உண்கிறார். நாமோ காற்று 'வாங்க'ப் போகிறோம். இவ்வொரு வழக்கைச் சொன்னால் இருவரும் சேர்ந்து சிரிக்கலாமே! 'கைராசி', 'வாய்க்கொழுப்பு', 'வயிற்றெரிச்சல்' என எத்தனை இல்லை நம்மிடம்? இவற்றைச் சொல்லிக்கொடுக்க நாக் கூசுகின்றது, வசைக்குக் கூசவில்லை. பின்னர் அந்நண்பர் அவ்வசையை நாலுபேர் முன்னிலையிற் கூறிவிட்டால், தமிழரை இழிவுபடுத்தினார் என்று சினந்து பாய்வோரும் இவர்களே!