எக்ஸ் யாருடைய சொத்து?

கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஆகிய நான்கையும் நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் மட்டும் கற்பதில்லை. மும்பைக்குப் பிழைக்க வந்த நம் வீடுகளில் கடைக்குப் போகும் பிள்ளை சில்லறையை எண்ணி வாங்கி வருகிறது. இட்லி வியாபாரத்துக்குக் கூடப் போகும் பிள்ளை தட்டுக் கணக்கை மனத்திலேயே போட்டுவிடுகிறது. அப்படிப்பட்ட பிள்ளை ஆறாம், ஏழாம் வகுப்பில் எண் நின்ற இடத்தில் எழுத்து வந்து நின்றதும் ஏன் திகைக்கிறது? ‘உன் மண்டைக்குக் கணக்கு ஏறாது’ என்ற தீர்ப்பை ஏன் தலைகுனிந்து ஏற்கிறது? பெற்றோர்களாகிய நாமும் ஏன் ஏற்றுக்கொள்கிறோம்?

இயற்கணிதம் நமக்கு எதற்கு என்று கேட்போர் உண்டு. மகாராஷ்டிரப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கணிதம் இரண்டு தாள். முதல் தாளே இயற்கணிதம்தான். அதற்கு 40 மதிப்பெண். பத்தாவது தேறாத பிள்ளைக்குப் பாலிடெக்னிக் கதவும், ஐ.டி.ஐ.யின் பல தொழில்களின் கதவும் மூடிக்கொள்கின்றன. பிறகு அப்பன் தூக்கிய மூட்டையை மகன் தூக்குகிறான்.

தேர்வை விடுங்கள், கூலியைப் பாருங்கள். ஒரு தொழிலாளி 8 மணி நேரம் வேலையும் 2 மணி நேரம் கூடுதல் வேலையும் செய்கிறார். கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே எழுதி வைத்தது. ஒரு மணி நேரக் கூலியை ‘ம’ என்று வைத்துக்கொள்வோம். 8 மணிக்கு 8ம, கூடுதல் 2 மணிக்கு 4ம, மொத்தம் 12ம. மணிக்கு 75 ரூபாய் என்றால் 900 ரூபாய் வரவேண்டும். ஒப்பந்தக்காரர் 10ம என்று கணக்கிட்டு 750 ரூபாயை நீட்டுகிறார். போன 150 ரூபாய் எங்கே போயிற்று என்று சொல்லித்தருவதுதான் இயற்கணிதம். இதில் ஆங்கில எழுத்து ஒன்றுகூட வரவில்லை என்பதையும் கவனியுங்கள். தெரியாத ஒன்றுக்குப் பெயர் வைத்துத் தேடிப் பிடிப்பது உலகத்துக்கே பொது. எக்ஸ் எவருடைய பாட்டன் சொத்தும் அல்ல.

பிள்ளை தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் இரண்டு. முதலாவது சமக்குறி. ‘இதோ விடை’ என்று சொல்லும் குறி அது என்றே சிறுவயதில் பதிந்துவிடுகிறது. இரு பக்கமும் சமம் என்பது பதிவதில்லை. இரண்டாவது மொழி. தமிழ் வழியில் படித்த பிள்ளை மேல்வகுப்பில் இந்திக்கோ ஆங்கிலத்துக்கோ மாறும்போது தெரிந்த பாடமே தெரியாத பாடமாகிவிடுகிறது. தமிழில் ‘மாறி’, மராத்தியில் ‘சல்’, இந்தியில் ‘சர்’, ஆங்கிலத்தில் ‘வேரியபிள்’. நம் ‘கெழு’ மராத்தியில் ‘சஹகுணக்’, இந்தியில் ‘குணாங்க்’, ஆங்கிலத்தில் ‘கோஎஃபிஷியன்ட்’. நம் ‘சமன்பாடு’ மராத்தியிலும் இந்தியிலும் ‘சமீகரண்’, ஆங்கிலத்தில் ‘ஈக்வேஷன்’. இந்த நான்கு மொழிச் சொற்களை ஒரே தாளில் பிள்ளையின் கையில் கொடுத்தவர் யார்?

ஆகவே நம் சங்கம் ஒவ்வொரு குடியிருப்பிலும் ஒரு கணக்குப் பெட்டி சேர்க்க வேண்டும் என்கிறோம். பெரும் பணம் வேண்டாம். தமிழ்நாட்டு அரசின் ஆறு முதல் எட்டு வரையான கணிதப் புத்தகங்கள் இணையத்தில் இலவசம். ஆறாம் வகுப்பு முதல் பருவத்திலேயே இயற்கணிதம் அறிமுகமாகிறது. அவற்றை அச்செடுத்துத் தைத்து வைப்போம். பக்கத்திலேயே மகாராஷ்டிரப் பாடப்புத்தகத்தை வைப்போம். நான்கு மொழிச் சொற்பட்டியலை அட்டையில் எழுதி ஒட்டுவோம்.

பிறகு ஒரு தராசு, மொச்சைக்கொட்டை, தீப்பெட்டிகள். மூடிய இரண்டு பெட்டிகளும் 3 கொட்டைகளும் சேர்ந்தால் 11 கொட்டைகள். இரு பெட்டியிலும் ஒரே அளவு என்றால் பெட்டிக்கு எத்தனை? இரு பக்கமும் மூன்றை எடு, மீதியைப் பாதியாக்கு, நான்கு. பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்த்த பிள்ளை சமன்பாட்டை மறக்காது. தீக்குச்சியால் ஒரு சதுரத்துக்கு 4 குச்சி, ஒட்டினாற்போல் இரண்டு சதுரத்துக்கு 7, மூன்றுக்கு 10. நூறு சதுரத்துக்கு எத்தனை? அடுக்கிப் பார்க்காமலே 301 என்று சொல்லும் பிள்ளை பொதுவிதியைக் கண்டுவிட்டது. தமிழ்நாட்டின் கணித ஆசிரியர் பி.கே. சீனிவாசன், நாட்காட்டியை வைத்து எண் விளையாட்டு என்று ஒரு நூலே எழுதியவர். பழைய நாட்காட்டி இல்லாத வீடு நம்மில் எது?

அறிவும் தொலைவில் இல்லை. மான்குர்டில் ஓமி பாபா அறிவியல் கல்வி மையம் இருக்கிறது. எண்கணிதத்திலிருந்து இயற்கணிதத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வது எப்படி என்று அங்கே ஆராய்ந்திருக்கிறார்கள். நம் படித்த இளைஞர்கள் அங்கே போய்க் கேட்டு வரட்டும். ஞாயிறு தோறும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து சொல்லித்தரட்டும்.

‘சங்கமே எல்லாம் செய்தால் மாநகராட்சி கை கழுவிவிடாதா?’ என்று தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நம் பெட்டி சலுகையும் அல்ல, சமாதானமும் அல்ல. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டு வரையான வகுப்புகளுக்கு அறிவியலும் கணிதமும் கற்பிக்க ஓர் ஆசிரியராவது வேண்டும் என்கிறது. ஒவ்வொரு வகுப்புக்கும் தேவையான கற்பித்தல் கருவிகள் தரப்பட வேண்டும் என்கிறது. இயன்ற வரை தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்கிறது. மும்பை மாநகராட்சி தமிழிலும் பள்ளி நடத்துகிறது. அந்தப் பள்ளிகளில் கணித ஆசிரியர் இருக்கிறாரா, கருவிகள் இருக்கின்றனவா என்று பள்ளி நிர்வாகக் குழுவில் கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு. கருவி எது என்று கண்ணால் கண்டவர்தான் அதைப் பெயர் சொல்லிக் கேட்க முடியும். அதற்கும் இந்தப் பெட்டி உதவும்.

தாய்மார்களே, தோழர்களே! வீட்டிலிருக்கும் பழைய கணக்குப் புத்தகம், நாட்காட்டி, தராசு எதுவானாலும் சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள். படித்தவர்கள் நேரத்தைத் தாருங்கள். படிக்க வாய்க்காதவர்கள் உங்கள் கூலிச் சீட்டைத் தாருங்கள். அதைவிட நல்ல பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. பிள்ளைகள் அதைப் போட்டுப் பார்க்கட்டும். விடை சரியாக வராவிட்டால் தப்பு யார் பக்கம் என்று அவர்களே சொல்லட்டும்.