டாப்ஸ்லிப்ல புலி தெரியலையா? மரத்தைப் பாருங்க!

``டாப்ஸ்லிப் போயிட்டு வந்தோமுங்க. நாலு மான், ஒரு மயில்... அவ்வளவுதான். புலியும் காணோம், யானையும் காணோம்!''

ஆர்.எஸ்.புரம் பக்கம் இந்தப் புலம்பலைக் கேட்காதவங்க கம்மி. ஆனைமலை புலிகள் காப்பகம் சுமார் 1,480 சதுர கிலோமீட்டர். அதுல நம்ம வேன் போறது ஒரு சின்னக் கோடு. நாம வர்ற நேரத்துக்குப் புலி வந்து நிக்கணும்னு எதிர்பார்க்கிறது நியாயமா மக்களே?

ஆனா, அங்கே ஓடி ஒளியாத ஒண்ணு இருக்கு. மரம்!

19-ம் நூற்றாண்டுல ஆங்கிலேயர்கள் இந்த மலையிலிருந்து தேக்கை வெட்டி, கப்பல் கட்டவும் ரயில் தண்டவாளக் கட்டைக்கும் அனுப்பினாங்க. யானைகள் இழுத்து வர்ற மரங்களை, மலை உச்சியிலிருந்து சரிவுல உருட்டி விடுவாங்க. `டாப்ஸ்லிப்'னு பேர் வந்ததே அதனாலதான். வெட்டி வெட்டியே மலை மொட்டையாகிக்கிட்டு வந்தது.

அந்த நேரத்துலதான் ஹ்யூகோ வுட் என்ற வன அதிகாரி இங்கே வந்தார். மரத்தை வேரோட எடுக்காம, அடிக்கட்டையை விட்டு வெட்டச் சொன்னார். அந்தக் கட்டையிலிருந்து மறுபடி துளிர் வரும். கோட் பாக்கெட் நிறைய தேக்கு விதையோட நடப்பாராம். கைத்தடியால மண்ணுல குத்தி, குழிக்கு ஒரு விதை போட்டுக்கிட்டே போவாராம். 1933-ல் இறந்தவரை, அவர் ஆசைப்படியே டாப்ஸ்லிப்ல புதைச்சாங்க. கல்லறையில லத்தீன் மொழியில ஒரு வாசகம் இருக்கு. `என் நினைவுச்சின்னம் வேணுமா? சுத்திப் பாருங்க' என்பதுதான் அதோட அர்த்தம். சுத்திலும் தேக்கு!

தேக்கு மட்டுமே காடு ஆகிடாது. மூங்கில், புல்வெளி, சோலைக்காடு எல்லாம் சேர்ந்தாதான் யானைக்கும் காட்டெருமைக்கும் அது வீடு. வெட்டுறதுக்காக நட்ட மரங்கள்கூட இன்னிக்கு வெட்டுப்படாம நிக்குதுன்னா, இது பாதுகாக்கப்பட்ட காடுங்கிறதாலதான். 2007-ல் புலிகள் காப்பகமாவும் அறிவிச்சாங்க.

கிளம்புறவங்களுக்கு சில விஷயங்கள்...

* பொள்ளாச்சி, சேத்துமடை வழியா போகணும். செக்போஸ்ட்ல பிளாஸ்டிக்குக்கு `நோ'.

* கோடையில காட்டுத்தீ பயம் இருந்தா சுற்றுலாவை நிறுத்திடுவாங்க. முன்கூட்டியே விசாரிச்சுக்கோங்க.

* கோழிகமுத்தி யானை முகாமையும் பாருங்க. அங்கே யானைகளைத் தலைமுறை தலைமுறையா பராமரிக்கிறது மலசர் பழங்குடி மக்கள். போட்டோ எடுக்கிறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசுங்க. நாம பார்க்காத காடு அவங்க பேச்சுல தெரியும்.

* குழந்தைங்க இருக்காங்களா? முதல்ல கௌலி பிரவுன் ரோடு வன வளாகத்துல, 1902-ல் திறந்த கேஸ் வன அருங்காட்சியகத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. மரத்தோட பேர் தெரிஞ்சுக்கிட்டு மலையேறுற குழந்தை, ``புலி எங்கேப்பா?''ன்னு மட்டும் கேட்காது!