ஏழரை மணிக்கு ஒரு மீட்டிங்

ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் மாதம் நாலாவது வியாழக்கிழமை, ஐ.சி.ரி.யில் பெண் பிள்ளைகளுக்கான சர்வதேச தினம். அன்றைய பேச்சுகள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான்: "பயப்படாதீங்க பிள்ளைகள், தொழில்நுட்பத்துக்கு முன்வாங்க." கேட்டுட்டுக் கைதட்டலாம். ஆனா பிள்ளைகள் எப்பவோ முன்வந்துட்டாங்களே?

இலங்கைப் பல்கலைக்கழகங்களில் படிக்கிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். பொறியியல், கணினிப் பக்கம் அவ்வளவு இல்லை, அது உண்மை. ஆனாலும் வெள்ளவத்தையில் ஏ.எல். மெத்ஸ் ரியூசன் விடுகிற நேரம் ரோட்டில் நின்று பாருங்கள். அதில் எத்தனை பிள்ளைகளின் கனவு ரீட் அவனியூ கணினிக் கல்லூரி, இல்லாவிட்டால் கட்டுபெத்தை! கம்பஸ் கிடைக்காதவர்கள் வெளிவாரியாக பி.ஐ.ரி. செய்கிறார்கள். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு இங்கிலிஷில் இண்டர்வியூவுக்குப் போகிற பிள்ளைக்குத் துணிவு பற்றி நாங்கள் வகுப்பு எடுக்கத் தேவையில்லை.

பிறகு என்ன நடக்கிறது? இந்த நாட்டில் வேலை செய்கிற அல்லது வேலை தேடுகிற ஆண்கள் நூற்றுக்கு எழுபது பேர் அளவில். பெண்கள் மூன்றில் ஒரு பங்குதான்.

எனக்குத் தெரிந்தவரை சிக்கல் தொடங்குவது பின்னேரம் ஆறு மணிக்கு. கொழும்பு சொஃப்ட்வெயார் கொம்பனிகளில் நிறையப் பேர் வேலை செய்வது வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு. நியூயோர்க்கில் கோடைகாலக் காலை பத்து மணி என்றால் இங்கே இரவு ஏழரை. அந்த மீட்டிங்கில்தான் வேலை பிரிபடும், யார் ரீம் லீட் ஆகலாம் என்பதும் தெரியவரும். "எனக்கு இருட்ட முதல் வீட்டுக்குப் போகணும்" என்கிற பிள்ளை அடுத்தநாள் காலையில் மிச்சம் மீதி வேலையைத்தான் எடுக்கவேண்டி வரும். சட்டமும் இதே நினைப்பில்தான் எழுதப்பட்டது. 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி, பொதுவாகப் பெண்களை ஆறு மணிக்குப் பிறகு ஓஃபிஸில் வேலை வாங்க முடியாது. ஐ.ரி. போன்ற துறைகளுக்காக அதைத் தளர்த்துகிற திருத்தம் நாடாளுமன்றத்துக்கு வந்தது 2022இல்.

சட்டத்தைத் திருத்தலாம். 100ஆம் நம்பர் பஸ்ஸை என்ன செய்வது? இலங்கையில் பெண்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பஸ்ஸிலோ ரயிலிலோ ஒரு தடவையாவது பாலியல் தொந்தரவுக்கு ஆளாகியிருக்கிறார்கள் என்று ஐ.நா. சனத்தொகை நிதியம் 2017இல் சொன்னது. இதை வாசிக்கிற பெண்கள் யாருக்கும் அது புதுச் செய்தியாக இருக்காது.

அதனால் "எட்டு மணிக்குப் பிறகு வேலை என்றால் வேண்டாம் மகள்" என்கிற அம்மாவைப் பழைய பஞ்சாங்கம் என்று சிரிக்க எனக்கு மனம் வராது. எங்கள் வீடுகளில் அந்தப் பயத்துக்கு வேறொரு கதையும் இருக்கு. 2007 ஜூனில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜுகளில் இருந்த தமிழர்களை விடியமுன் எழுப்பி, பஸ்ஸில் ஏற்றி, வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்டுத்தான் அது நின்றது. இருட்டினால் எல்லோரும் வீட்டுக்குள் இருக்கணும் என்பது அப்படிப் படிந்த பழக்கம். இன்றைக்கு அந்தப் பழக்கம் தம்பிக்கு இல்லை, அக்காவுக்கு மட்டும் மிஞ்சியிருக்கு. அங்கேதான் எனக்குக் கோபம் வருது.

ஸ்ரெஃபனி ஷேர்லி என்றொரு பெண். அஞ்சு வயதில் நாஸிகளிடமிருந்து தப்பி, அகதியாக பிரிட்டனுக்கு வந்தவர். 1962இல் சொந்த சொஃப்ட்வெயார் கொம்பனி தொடங்கினார். பெண் பெயரில் கடிதம் போட்டால் பதில் வராததால் "ஸ்ரீவ்" என்று கையெழுத்து வைத்தார். முதல் 300 ஊழியர்களில் 297 பேர் பெண்கள். கலியாணம், குழந்தை என்று வேலையை விட்டவர்கள் அதில் நிறையப் பேர். கொன்கோர்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கு ப்ரோகிராம் எழுதியது இவர்கள்தான், அதுவும் வீட்டில் இருந்து. பெண்களிடம் துணிவு கேட்காமல், வேலையின் நேரத்தையும் இடத்தையும் அவர்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றினார்.

அப்போ எல்லாருக்கும் வேர்க் ஃப்ரொம் ஹோம் கொடுத்தால் சரியா? இரண்டு அறை ஃப்ளட்டில் அக்கா கோலில் இருக்கும்போதுதான் "பிள்ளை, ஒரு பிளேன் ரீ போட்டுட்டு வா" என்று குரல் வரும். தம்பி ஹெட்செட் போட்டிருந்தால் யாரும் கூப்பிடுவதில்லை. வீட்டில் கதவு சாத்தி வேலை செய்கிற உரிமையும் சேர்த்துத்தான் கேட்கணும்.

ஆகவே அடுத்த ஏப்ரலில் பேச்சாளரைக் கூப்பிடுகிறவர்கள், கொம்பனிகளின் எச்.ஆர். ஆட்களையும் பெற்றோரையும் முன்வரிசையில் இருத்துங்கள். பெண் பிள்ளைகள் பின்வரிசையில் இருந்து கேள்வி கேட்கட்டும். மீட்டிங் ஒன்பது மணிக்கு முடிந்தால் வீட்டு வாசல் வரை வான் வருமா? அது ஒஃபர் லெட்டரில் எழுதியிருக்குமா? ஏழரை மீட்டிங்கை வாரத்தில் இரண்டு நாள் பின்னேரம் ஐந்து மணிக்கு மாற்ற வாடிக்கையாளரிடம் கேட்டுப் பார்த்தீர்களா? பிள்ளை பெற்று ஒரு வருஷம் கழித்து வந்தால் பழைய ரீமிலேயே இடம் இருக்குமா?

அப்பாமாரிடம் கேட்க ஒன்றே ஒன்றுதான் இருக்கு. தம்பியின் ட்ரெயினிங் முடிய லேட்டானால் பைக்கை எடுத்துக்கொண்டு போய்க் கூட்டிவருவீங்கதானே?